விரலால் வாசித்தது

ஜனவரி 11

அன்புள்ள அண்ணா,

நானும் சித்தியும் நன்றாக இருக்கிறோம். உன் முதுகுவலி குறைந்ததா, காது எப்படி இருக்கிறது என்று சித்தி கேட்கச் சொன்னாள். போனில் நான் ஒன்று கேட்க, உன் காதில் வேறொன்று விழ, கடைசியில் இருவரும் கோபித்துக்கொண்டு வைப்பதைவிடக் கடிதமே மேல் என்று நீ முடிவு செய்ததை அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் குரலக் கேட்டு எத்தன நாளாச்சு. காகிதத்தையா காதுல வெச்சுக்கறது" என்கிறாள்.

இங்கே விடாமல் மலை பெய்கிறது. ஈரத்தில் வண்ணம் காய மறுப்பதால் பட்டறையில் வேலை மெதுவாக நகர்கிறது. பாதி முடிந்த கண்கள் தட்டில் வரிசையாக இருக்கின்றன. காலையில் கதவைத் திறந்ததும் எல்லாம் என்னையே பார்க்கும். இத்தனை வருடம் செயற்கைக் கன் செய்தும், "வந்துட்டேன்" என்று அவற்றிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விளக்கைப் போட எனக்கு மனம் வருவதில்லை.

சென்ற வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். விபத்தில் ஒரு கண் போய்விட்டது. கண்குழிக்கு அச்சு எடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "போன கண்ணு பக்கம் யாரோ நிக்கறாங்க மேடம். திரும்பினா இல்ல." எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். எனக்குப் பழகிவிட்டது. ஆனாலும் அவர் சொன்னபோது நானும் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

பட்டறையில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். வண்ணக்காரி என்றுதான் கூப்பிடுகிறோம். ட்யூப்லைட் இரைச்சல் அவளுக்கு ஆகாது. காதை மூடிக்கொண்டுதான் வேலை செய்வாள். ஆட்டிசம் இருக்கிறது என்று பெயரைச் சொல்வதுபோல முதல் நாளே சொன்னாள். மனிதர்களின் கண்ணை நேராகப் பார்க்கமாட்டாள், நாங்கள் செய்த கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கமாட்டாள். பழுப்பில் எத்தனை பழுப்பு உண்டென்று அவள் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. தேன் தடவிப் பேச மட்டும் வராது. எனக்கு டிஸ்லெக்சியா, எழுத்துகள் கண்ணில் குழம்பும் என்று சொன்னேன். "சரி, அப்ப சீட்டுல எழுதாம படம் போட்டுத் தரேன்" என்றாள். அவ்வளவுதான்.

மஞ்சள் காகிதத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் வழக்கம்போலக் காதைத் திருகு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை


பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

முதுகு சொன்னபடி கேட்கிறது, காது கேட்பதில்லை. மற்றபடி குறையொன்றும் இல்லை. சித்தியின் மூட்டுக்கு அந்தத் தைலம் ஒத்துக்கொண்டதா? அதை அடுப்புப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்.

முதலில் திருத்தங்கள். "மலை பெய்கிறது" என்று எழுதியிருக்கிறாய். மலை பெய்தால் ஊரே நசுங்கிப் போகும். மழை. அடுத்தது "செயற்கைக் கன்". கண்ணுக்கு மூன்று சுழி. கண் செய்து பிழைக்கிறவளே அதில் ஒரு சுழியைக் குறைத்தால் எப்படி? மற்ற பிழைகளைப் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன். ஒன்று சொல்கிறேன், தலைக்கனம் ஏறாதே: உன் கடிதம் வந்த அன்று எனக்கு வேறு எதையும் படிக்கப் பிடிப்பதில்லை.

அச்சகத்தில் வேலை நெருக்குகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள் இருக்கிறதே, அதை யாரும் படிப்பதில்லை என்று உலகம் நினைக்கிறது. நான் படிக்கிறேன். நாங்கள் 'வானொலி' என்று கூப்பிடுகிற கூட்டாளி எதிரில் உட்கார்ந்து மூலப்பிரதியை உரக்க வாசிப்பார். செய்தி வாசிக்கிற குரல் என்பதால் அந்தப் பெயர். அச்சுப்படியில் அவர் சொல்வதைத் தொடர்ந்து என் கண் ஓடும். காது மந்தமானாலும் அந்தக் குரல் மட்டும் எனக்குத் தப்பாது. "அரை மாத்திரை" என்பதில் "அரை" விழுந்துவிட்டால் யாரோ ஒருவருக்கு உயிர் போகும். அதனால் வேலை முடிந்து வெளியே வந்தாலும் என் கண் சும்மா இருப்பதில்லை. கடைப் பலகை, பேருந்து, சுவரொட்டி எல்லாவற்றையும் திருத்திக்கொண்டேதான் வீடு வந்து சேருவேன்.

டிரைவர் கதையை இனி சாயங்காலத்தில் எழுதாதே. வேறு நாட்டில் தனியாக இருக்கிறவன் நான்.

சித்திக்கு என் வணக்கம்.
அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

உன் திட்டு கிடைத்தது, சந்தோஷம். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. சித்திக்கு மட்டும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "வயசாச்சுல்ல, மூச்சுக்கும் கால் வலிக்கும்" என்று சிரிக்கிறாள். டாக்டரிடம் காட்டினேன். இதயம் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம்.

ஒரு யோசனை கேட்க வேண்டும். இங்கே மருத்துவக் கல்லூரியில் கண் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் முன்னால் என் வேலையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிடித்துப் போனால் வருடம் முழுவதும் பாடம் எடுக்கலாம். மேடையில் தாளை வைத்துப் படிப்பதுதான் அங்கே வழக்கமாம். எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் கண் வரைந்து காட்டுவேன். ஒரு பக்கத்தை உரக்கப் படி என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். டிஸ்லெக்சியா என்று முன்கூட்டியே சொல்லிவிடட்டுமா? சொன்னால் கூப்பிட்டதை வாபஸ் வாங்கிக்கொள்வார்களோ? போகட்டுமா, வேண்டாமா? ஒரே ஒரு வரி எழுது. நீ சொன்னபடி செய்கிறேன்.

இங்கே மறுபடியும் மலை பெய்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. விஷயங்கள் எல்லாம் தெரிந்துகொண்டேன். நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ எது செய்தாலும் யோசித்துத்தான் செய்வாய். எனக்கு அதில் சந்தேகமில்லை.

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே கொஞ்ச நாளாக எல்லாம் ஒரு மாதிரியாக இருக்கிறது. தெருவில் ஆட்கள் திடீரென்று முளைக்கிறார்கள். நடந்து போய்க்கொண்டே இருப்பேன், யாரும் இருக்கமாட்டார்கள். அடுத்த நொடி வலது தோளை ஒட்டி ஒருவர் நிற்பார். எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. கதவு நிலையும் அப்படித்தான், வந்து இடிக்கிறது. வலது தோள் கன்றிப் போயிருக்கிறது. போன வாரம் மேஜையிலிருந்து டம்ளர் விழுந்து உடைந்தது. யாரோ கையால் தள்ளியதுபோல விழுந்தது. வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இன்னொரு வேடிக்கை. எங்கள் தெருவில் பெயர்ப்பலகைகளை ஒட்டுமொத்தமாக மாற்றிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரிடம், "எப்பங்க மாத்தினீங்க?" என்று கேட்டேன். "எதை சார்?" என்றார். பலகையைக் காட்டினேன். அவர் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்.
அண்ணன்


மே 10

அன்புள்ள அண்ணா,

உன் உடம்புக்கு என்ன? நேராகவே கேட்கிறேன், நேராகவே பதில் சொல்.

நான் ஒரு வரி கேட்டேன். போ அல்லது போகாதே. "எது செய்தாலும் யோசித்துத்தான் செய்வாய்" என்று எழுதியிருக்கிறாய். அது பதிலா? போகட்டும். மலை பெய்கிறது என்று வேண்டுமென்றேதான் எழுதினேன், நீ பாய்வாய் என்று. நீ பாயவில்லை. எழுதத் தெரிந்த நாளிலிருந்து என் பிழைக்கு உன்னிடம் குட்டு வாங்காத கடிதம் அதுதான். பிழையில்லாமல் எழுதிவிட்டேன் என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

வலது பக்கம் ஆள் நிற்கிறதாக எழுதியதைச் சித்தியிடம் படிக்கவில்லை. கண் டாக்டரிடம் காட்டினாயா?

சித்தி படுத்துவிட்டாள், அண்ணா. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது. வாசலில் சத்தம் கேட்டால் நீயா என்று கேட்கிறாள். அம்மா போன பிறகு நம் இருவரையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தவள். வர முடியுமா? முடியும், முடியாது, எதுவானாலும் ஒரு சொல் எழுது.

தங்கை


ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்து மனசு நிறைந்தது. அந்த மஞ்சள் காகிதத்தைக் கையில் வாங்கினாலே போதும், பேசினதுபோல இருக்கும். நான் நலம். இனிமேல் இவ்வளவு நீளமாக எழுதிக் கஷ்டப்படாதே. சௌக்கியம் என்று இரண்டு வரி போதும். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

கண்ணாடி மாற்றினேன். அது சரியில்லை என்று மறுபடியும் மாற்றினேன். இப்போது செய்கிறவர்களுக்குத் தொழில் தெரியவில்லை. செய்தித்தாளை நிறுத்திவிட்டேன், அதில் ஒன்றும் இருப்பதில்லை. அச்சகத்துக்குக் கொஞ்ச நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். போனும் கெட்டுப்போய்விட்டது.

வீட்டில் யாரோ வந்து போகிறார்கள் என்று தோன்றுகிறது. மேஜையில் காகிதத் துண்டுகள் கிடக்கின்றன. என் பேனா, என் மை. எழுதியிருப்பது மட்டும் எனக்குப் பழக்கமில்லாத எழுத்து. பூட்டை மாற்றிவிட்டேன். மறுநாளும் ஒரு துண்டு இருந்தது.

பயப்படாதே, எல்லாம் சரியாகும். சித்தியிடம் அடுத்த விடுமுறைக்கு வருகிறேன் என்று சொல்.

அண்ணன்


ஜூலை 14

அண்ணா,

சித்தி நேற்றுக் காலையில் போய்விட்டாள். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. வலி இல்லை. நானும் வண்ணக்காரியும் பக்கத்தில் இருந்தோம். இன்று எல்லாம் முடிந்தது.

உனக்கு எத்தனை தடவை போன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கெட்டுப்போன போனில் மணி அடிக்குமா, அண்ணா? செய்தி அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் "பெரியவன் எங்கே" என்றுதான் கேட்டார்கள். வழியில் இருக்கிறான் என்று சொன்னேன். கடைசி ஆள் கிளம்பிப் போகும்வரை நீ வழியில்தான் இருந்தாய்.

உன் நலத்தை இன்று என்னால் விசாரிக்க முடியவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 8

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உன் கடிதம் வந்தது, ரொம்ப சந்தோஷம். இந்த முறை நான் சொன்னபடி சுருக்கமாக எழுதியிருக்கிறாய், நல்ல பிள்ளை.

இங்கே வெயில் கொளுத்துகிறது. அங்கேயும் அப்படித்தான் இருக்கும். சித்திக்கு உஷ்ணம் தாங்காது. அவள் அறை ஜன்னலைத் திறந்தே வை. ராத்திரி போர்வையைத் தள்ளிவிட்டுத் தூங்குவாள், நீ எழுந்து பார்த்து மூடிவிட வேண்டாம், மூடினால் கோபம் வரும். நான் கேட்டதாகச் சொல். என் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுகிறாய் அல்லவா? அவள் என்ன சொன்னாள் என்று எழுது.

அண்ணன்


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை நீ படிக்கப் போவதில்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன். வந்து நானே உனக்குப் படித்துக் காட்டுவேன். நீ சுகமாக இல்லை என்பது தெரியும். ஆகவே விசாரிக்கவில்லை.

உன் ஆகஸ்ட் கடிதத்தைப் பிரித்தபோது பட்டறையில் இருந்தேன். ஜன்னலைத் திறந்து வை என்ற இடத்தில் காகிதம் கையிலிருந்து நழுவிவிட்டது. நீ உயிரோடு இல்லை என்று நினைத்தேன். முன்பே ஒரு கட்டு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாய், யாரோ அதை மாதத்துக்கு ஒன்றாகத் தபாலில் போடுகிறார்கள் என்று தோன்றியது. தட்டில் இருந்த கண்களைத் துணி போட்டு மூடினேன். நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

வண்ணக்காரி எழுந்து வந்தாள். உன் கடிதங்களையும், நான் அனுப்புமுன் எடுத்து வைத்த நகல்களையும் மேஜையில் ஜோடி ஜோடியாகப் பரப்பினாள். நிறம் சேர்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இது எதுவும் பதில் இல்லக்கா. பிப்ரவரி மட்டும் பதில். மீதி எல்லாம் சும்மா கடிதம். உங்க அண்ணன் உங்களதப் படிக்கல."

"கோபமா என்மேல?"

"கோபம்னா எழுதமாட்டார். எழுதறார். படிக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விஷயங்கள் எல்லாம் தெரிந்துகொண்டேன். கண்ணாடி சரியில்லை. இரண்டு வரி போதும். நேரில் பேசிக்கொள்ளலாம். அண்ணா, இவை என்னுடைய வார்த்தைகள். பள்ளிக்கூடத்தில் தொடங்கி முதல் வேலை வரைக்கும், படிக்க முடியவில்லை என்பது வெளியே தெரியாமல் இருக்க நான் சொன்ன சாக்குகள். ஒன்றுவிடாமல் எனக்கு மனப்பாடம். அவற்றை உன் கையெழுத்தில் பார்த்தபோது, என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ தெருவில் போவதுபோல இருந்தது.

அச்சகத்துக்குப் போன் செய்தேன். வானொலி எடுத்தார். தெருவில் உன்னைப் பார்த்ததாகச் சொன்னார். உயிர் வந்தது. உன்னை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். போய்க் கதவைத் தட்டியிருக்கிறார், நீ திறக்கவில்லையாம். சித்தி விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அதை நீ வெளியாள் வாயால் கேட்கக் கூடாது.

உன் வலது பக்கம் நிற்கிற ஆளைப் பற்றிக் கண் டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். இரண்டு கண்ணுக்கும் ஒரே பக்கம் மறைந்தால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் என்றார். எழுதத் தெரிந்து, படிக்க மட்டும் தெரியாமல் போவதும் உண்டாம். உன் மேஜையில் எழுதிவிட்டுப் போகிறவன் நீதான், அண்ணா.

கல்லூரிக்குப் போனேன். டிஸ்லெக்சியா, தாள் பார்த்துப் படிக்கமாட்டேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். பிறகு ஒரு கண்ணை அவர்கள் முன்னாலேயே செய்து காட்டினேன், சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து ரத்த நாளம் வைக்கிற வரைக்கும். வருடம் முழுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே செய்துவிட்டேன்.

பெட்டியில் ஒரு தகடு இருக்கிறது. கண் வார்க்கிற அதே பிளாஸ்டிக். அதில் எழுத்துகளை மேடாக வார்த்திருக்கிறேன். பெரியவளான பிறகு மாலை வகுப்பில் எனக்குப் படிப்பு வந்தது விரல் வழியாகத்தான். சொரசொரப்புக் காகிதத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி. கண் கைவிட்டால் கை இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தொடு.

உன் நாட்டுக்கு வரப் பயண அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

தங்கை

(தகட்டில்: வருகிறேன்)


அக்டோபர் 5

அன்புத் தங்கைக்கு,

வருகிறேன்.

நீ அனுப்பிய சொல் அதுதானே? சரியென்றால் நான் நலம்.

பெட்டியைப் பிரித்தபோது உன் பட்டறைச் சாமான் எதுவோ தவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். மேஜையில் வைத்தேன். பேனாவைத் தேடிக் கை துழாவும்போது அதன்மேல் பட்டது. விரல் ஒரு வளைவில் போய், இறங்கி, நின்றது. "வ" என்று வாய் சொல்லிவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வாய் சொல்கிறது. பயந்து கையை எடுத்துவிட்டேன். காப்பி போட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தேன். நண்பகல் ஆயிற்று முழுச் சொல்லும் வர.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, தலைவலியோடு எழுந்தேன். செய்தித்தாள் வேறு நாட்டு எழுத்தில் வந்திருந்தது. மாற்றிப் போட்டுவிட்டான் என்று பையனிடம் சண்டை போடப் போனேன். வழியில் பலகைகளைப் பார்த்தேன். அலமாரியில் இருந்த புத்தகங்களைத் திறந்தேன். எல்லாம் எறும்பு. வீட்டில் உட்கார்ந்து என் பெயரை எழுதிப் பார்த்தேன், கை சரளமாக எழுதியது. எழுதிவிட்டுப் பார்த்தால் அதுவும் எறும்பு.

யாரிடம் சொல்வது? படித்துத்தானே எனக்குச் சோறு. அச்சகத்துக்குப் போய் வானொலிக்கு எதிரில் உட்கார்ந்து, வழக்கம்போலத் தாளைப் பார்த்துத் தலையாட்டினேன். எத்தனை தாள் அப்படிப் போயிற்று. ஒரு நாள் அவர் தவறுதலாக வேறு மருந்தின் பிரதியை எடுத்து வாசித்துவிட்டார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவர் நிறுத்தினார். சரியான தாளை எடுத்து மீண்டும் முதலிலிருந்து வாசித்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றோடு போவதை நிறுத்திவிட்டேன். கதவு தட்டினாலும் போன் அடித்தாலும், யாரோ மாத்திரையைத் தப்பாகச் சாப்பிட்டுவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

தகடு வந்த மறுநாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது, திறந்தேன். வானொலி வெளியே நின்றிருந்தார். "நான் தலையாட்டின தாள் எல்லாம்..." என்று தொடங்கினேன். "அன்னிக்கே எல்லாத்தையும் எடுத்து வேற ஆளவெச்சு மறுபடி பார்த்தாச்சு சார். ஒண்ணும் வெளிய போகல. நீங்க சட்டையப் போடுங்க, டாக்டர்கிட்ட போலாம்" என்றார். மூளையின் பின்பக்கம் சின்ன அடைப்பாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதன் துண்டுத்தாளை வானொலிதான் வாசித்துக் காட்டினார்.

இப்போது உன் கடிதங்களை எடுத்திருக்கிறேன். மை மேடாக இல்லாவிட்டாலும், கோட்டின் மேல் விரலை ஓட்டினால் எந்த எழுத்தென்று கை சொல்கிறது. வானொலியிடம் கொடுத்தால் ஒரே மூச்சில் முடிப்பார். ஆனால் உன் பேச்சை அவருடைய செய்திக் குரலில் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியவில்லை. கைக்கு வந்ததை எடுத்துத் தொடங்குகிறேன்.

சித்தியிடம் இதையெல்லாம் சொல்லாதே, பயப்படுவாள்.

அண்ணன்


அக்டோபர் 24

அன்புள்ள அண்ணா,

சரிதான். அந்தச் சொல்லேதான். நீ கதவைத் திறந்தது போதும் எனக்கு.

உன் கடிதம் இன்றுதான் வந்தது. வந்தவுடன் வானொலிக்குப் போன் போட்டு, பழைய கடிதங்களை நீ தொட வேண்டாம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். அனுமதி கிடைத்துவிட்டது. டிக்கெட் வாங்கிவிட்டேன், நவம்பர் கடைசியில் அங்கே இருப்பேன். ஒன்றையும் விடாமல் நானே படித்துக் காட்டுகிறேன். தட்டுத் தடுமாறித்தான் படிப்பேன். பொறுத்துக்கொள்.

மாத்திரையை விட்டுவிடாதே.

தங்கை

(தகட்டில்: பழையதைத் தொடாதே)


நவம்பர் 9

அன்புத் தங்கைக்கு,

உடம்பு தேறி வருகிறது. தலையை வலது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டேன். ஆட்கள் முளைப்பது நின்றுவிட்டது.

அச்சகத்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தின் அளவும் பெயரும் இத்தனை வருடமாக என் தலைக்குள் இருக்கின்றன. ஆகவே தாளை வேறொருவர் ஒப்பிட்டுப் பார்க்க, வானொலி வாசிக்க, நான் காதால் கேட்டு எங்கே பொருள் இடறுகிறதென்று சொல்கிறேன். போன வாரம் குழந்தைகளுக்கான மருந்து ஒன்றில், வாசித்தவருக்கும் ஒப்பிட்டவருக்கும் படாத ஒன்று எனக்குப் பட்டது. மூலப்பிரதியே தப்பு. "நிறுத்துங்க" என்றேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உன் இரண்டாவது தகடு நேற்று வந்தது. வானொலி அதற்கு முன்பே ஓடி வந்து சொல்லிவிட்டார். அதைத்தான் எழுத வேண்டும்.

கைக்கு வந்தது ஒரு சின்னக் கடிதம். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று எடுத்தேன். "அண்ணா" உடனே வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்கு ஒரு காலை முழுவதும். சித்தி. அன்றைக்கு அது போதும் என்று வைத்துவிட்டேன். மறுநாள் "நேற்றுக் காலையில்" என்று வந்தது.

சித்தி நேற்றுக் காலையில். உன் தகடு வேறு, வருகிறேன் என்கிறது. சித்தியும் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். மூட்டுவலிக்காரியை எப்படிக் கூட்டி வருகிறாய் என்று கவலைப்பட்டேன். உள் அறையை ஒழித்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். அவள் படிக்கட்டில் பிடித்து ஏறக் கயிறு கட்டினேன்.

அப்போதுதான் வானொலி வந்தார். "தங்கச்சி பழைய கடிதத்தத் தொட வேண்டாம்னு சொல்லுது சார்." ஏன் என்று கேட்டேன். "தெரியலைங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி வருவதை நேரில் காட்டி என்னைத் திகைக்க வைக்கப் பார்க்கிறாய், அது முன்னாலேயே தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அவர் போனதும் மேஜைக்குத் திரும்பினேன்.

"போய்" என்று வந்தது. எங்கே போய் என்று யோசித்தேன். பிறகு "விட்டாள்" வந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஊருக்கா, டாக்டரிடமா, என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஆள் இல்லாத அறையில் வாய்விட்டுக் கேட்டேன்.

அதற்கு மேல் ஒரு சொல்தான் படித்திருக்கிறேன். "மூச்சு". விரல் அதன்மேல் இருக்கிறது. எடுக்கவும் முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை.

நீ வா.

அண்ணன்